சாவுவரி

ஊட்ஸ் இறந்த மூன்றாம் நாள்
மடத்துக் கணக்கர் வந்தார்.
வழக்கம்தான்: குடியானவன் செத்தால்
தொழுவத்தில் நல்ல மாடு ஒன்று,
உடுத்தியதில் நல்ல உடை ஒன்று மடத்துக்கு.
எங்களிடம் இருந்ததே ஒரு மாடு.
நல்லது எதுவென்று தேடும் சிரமம் அவருக்கு இல்லை.
உடை, கல்யாணத்துக்கு நான் நெய்த
பழுப்புக் கம்பளி மேலங்கி.
இடது முழங்கைக் கிழிசலைப்
பச்சை நூலால் தைத்திருந்தேன்,
வேறு நூல் அன்றைக்கு இல்லை.
அதையும் குறித்துக்கொண்டார்:
பச்சைத் தையல், பழுதுள்ளது.

அந்தப் பனிக்காலத்தில்தான்
மெல்கியோர் ராப் எர்லன்பாக்குக்கு வந்தார்,
மூன்று ஊர்களில் துரத்தப்பட்டு,
நான்காவதில் கழுதையை விற்று.
ஆள் குள்ளம். ஓயாத சளி.
பிரசங்க மேடையில் ஏறமாட்டார்,
தானியப் பெட்டிமேல் நின்று
நாங்கள் மாட்டை அதட்டும் மொழியிலேயே
பூசை வைத்தார்.
கிண்ணத்தை எங்கள் கையிலேயே கொடுத்தார்.
பன்றி மேய்க்கும் லீன்ஹார்ட் குடித்துவிட்டு
"புளிக்குதே" என்றான்.
"அவருக்கும் புளித்தது" என்றார் மெல்கியோர்.

எல்லோர் முன்னாலும் கேட்டேன்:
"செத்தவன் உடையை எடுத்துக்கொள்ளச் சொல்லி
உங்கள் வேதத்தில் எங்கே இருக்கிறது, பாதிரியாரே?"
அவர் ஏட்டைப் புரட்டவில்லை.
"சிலுவையடியில்" என்றார்.
"சிப்பாய்கள் சீட்டுப் போட்ட இடத்தில்."

அதன்பின் ஊரில்
யாரும் தூங்கியதாக எனக்கு நினைவில்லை.

உழவுக்கு முன் மடத்துக் கதவை உடைத்தோம்.
ஆண்கள் ஒயின் நிலவறைக்கு ஓடினார்கள்.
நாங்கள் மாடிக்கு.
கொக்கி கொக்கியாகத் தொங்கினார்கள்
எங்கள் செத்தவர்கள்.
பூச்சி அரிக்காதிருக்க லாவெண்டர் தூவியிருந்தார்கள்;
உயிரோடிருந்தபோது
அவ்வளவு கவனித்ததில்லை யாரும்.
அக்னெஸ் ஒரு தொப்பியை முகர்ந்து
"அப்பாவுடையது இல்லை" என்றாள்,
என்றாலும் எடுத்துக்கொண்டாள்.
பச்சைத் தையலை
இருட்டிலேயே என் விரல் கண்டது.

மகன் யெர்குக்கு அது தொளதொளத்தது.
மெல்கியோரிடமோ மேலங்கியே இல்லை.
போட்டுக்கொண்டு கையைத் தூக்கிப் பார்த்தார்,
விரல் நுனிகூட வெளியே தெரியவில்லை.
"இதற்குள் இன்னொருவருக்கும் இடமிருக்கிறது."
அன்று ஒருநாள்தான் அவர் சிரித்துப் பார்த்தேன்.

மேட்டில் எட்டாயிரம் பேர் என்றார்கள்.
நான் ஒருவனைத்தான் எண்ணினேன்.
அடையாளம் வரும் என்று மெல்கியோர் சொன்னார்.
மேகம் வந்தது.
மழை.
பிரபுக்களின் மருந்து தோலுறைக்குள் காய்ந்திருந்தது.
நம்முடையது நம்மைப் போலவே.

பொய் சொன்னாரா?
பல பனிக்காலம் யோசித்துவிட்டேன்.
பொய்யென்றால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.
ஓடினார் என்கிறான் ஒருவன்,
நின்று பாடினார் என்கிறான் இன்னொருவன்.
ஒற்றைக்காலோடு திரும்பிய லீன்ஹார்ட் மட்டும் சொன்னான்:
சேற்றில் உட்கார்ந்திருந்தார்,
ஒரு பையனின் தலையை மடியில் வைத்து,
நீளக் கையால் அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு.
எந்தப் பையன் என்று கேட்டேன்.
நெசவுக்காரன் பையன்.
என்னுடையவன் இல்லை.

அறுப்புக்குக் கணக்கர் மறுபடி வந்தார்.
யெர்கின் சாவுவரி.
தொழுவத்தை எட்டிப் பார்த்தார்,
கோழி என்று எழுதினார்.
அவர் வண்டியில், குவியலின் மேலே,
துவைத்து மடித்து,
பச்சைத் தையல்.
நெஞ்சருகே புதிதாக ஒரு துளை.

"இது யாருடையது? பெயர் வேண்டும்."
ஊட்ஸ் என்றேன்.
எழுதினார்.
மெல்கியோர் என்றேன்.
நிமிர்ந்து பார்த்தார்.
யெர்க் என்றேன்,
லீன்ஹார்டின் கால் என்றேன்,
நெசவுக்காரன் பையன், பெயர் தெரியாது என்றேன்.
"ஒரு வரிதான் இருக்கிறது, அம்மா."
பக்கத்தைத் திருப்புங்கள் என்றேன்.
இறகு காய்ந்து போயிருந்தது.
நான் வண்டிக்கு முன்னால் நின்றேன்,
கோழியைக் கக்கத்தில் இடுக்கியபடி.
எனக்கு அவசரமில்லை.